தலையெழுத்தும் உள்ளெழுத்தும்

(ஆர்.எஸ்.மங்கலம் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



புற்றுநோயைப் பற்றிப் பேசவேண்டும் என்று இவ்வூர்த் தோழர்கள் எனக்குக் கடிதம் எழுதியபோது, "அது டாக்டர்கள் பேசவேண்டிய விஷயமாயிற்றே, எட்டாம் வகுப்பைத் தாண்டாத என்னை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்?" என்று பதில் எழுதினேன். அதற்கு அவர்கள், "டாக்டர் வந்தால் டாக்டருக்கு விளங்குகிற மாதிரியாகப் பேசிவிட்டுப் போய்விடுவார், நீங்கள் படித்து உங்களுக்கே விளங்கியதைச் சொன்னால் எங்களுக்கும் விளங்கிவிடும்" என்று மறுபடியும் எழுதினார்கள். இது பாராட்டா பரிகாசமா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. எப்படியானாலும் ஆறு மாத காலமாக இதையே படித்தேன். விளங்காத இடத்தில் தெரிந்த டாக்டர் ஒருவரைத் தொந்தரவு செய்து கேட்டேன். அதன் பலனைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். மேடையில் நிற்கிறவன் சொல்லிவிட்டான் என்பதற்காக எதையும் ஒப்புக்கொண்டு போய்விடாதீர்கள். சந்தேகப்பட்ட இடத்தில் சீட்டு எழுதிக் கொடுங்கள். தெரிந்தால் பதில் சொல்லுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். புற்றுநோய்க்கு வைத்தியம் செய்து, கட்டி கரைந்து, ஆள் தேறி வீட்டுக்கு வந்து, இனிமேல் பயமில்லை என்று இருக்கிற சமயத்தில் அந்த வியாதி சிலருக்கு ஏன் திரும்பி வருகிறது?

நம் பக்கத்தில் இது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு தாய்க்கு மார்பில் கட்டி தென்படுகிறது. முதல் காரியம் மறைப்பது. புருஷனிடம் சொல்லக் கூச்சம். வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வரமாட்டான் என்று பயம். ஒரு வருஷம் மறைத்த பிறகு நேர்த்திக்கடன். அதன் பிறகு ராமேசுவரம் போய் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் முழுக்கு. அதற்கும் கட்டி அசையாமல் இருந்தால்தான் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி ஞாபகத்துக்கு வருகிறது. அங்கே அறுவைச் சிகிச்சை செய்து, மருந்து ஏற்றி, கதிர் வைத்துக் குணமாக்கி அனுப்புகிறார்கள். இரண்டு வருஷம் நன்றாக இருக்கிற அம்மாளுக்கு மூன்றாம் வருஷம் எலும்பிலோ நுரையீரலிலோ மறுபடி கண்டுவிடுகிறது. உடனே ஊர் என்ன சொல்லுகிறது? "என்ன வைத்தியம் பார்த்து என்ன, தலையில் எழுதினதை அழிக்க முடியுமா?" என்று சொல்லிவிடுகிறது. இன்னும் ஒருபடி மேலே போய், போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தாளோ என்றும் சொல்லுகிறார்கள். சாகக் கிடக்கிற ஒருத்தியின் காதில் விழும்படியாகவே சொல்லுகிறார்கள்.

இந்தப் பேச்சினால் இரண்டு கெடுதல் உண்டாகிறது. ஒன்று, நோயாளியைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. மற்றொன்று, அடுத்த வீட்டில் கட்டியோடு இருக்கிற இன்னொரு பெண் இதைக் கேட்டு, வைத்தியத்தால் பயனில்லை என்று வீட்டோடு இருந்துவிடுகிறாள். முதல் அம்மாளைக் கொன்றது வியாதி. இரண்டாவது அம்மாளைக் கொல்லுவது அந்தப் பேச்சு.

ஆனால் தோழர்களே, ஊர் கேட்ட கேள்வி தப்பல்ல. திரும்பி ஏன் வந்தது என்பது உலகத்திலுள்ள பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாம் கேட்கிற கேள்விதான். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலை மாத்திரம் தலையில் தேடினதுதான் கோளாறு.

பதிலை விளக்க நான் வெளிநாட்டுக்குப் போகவேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பெரிய கண்மாய் போதும். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெருமையாகச் சொல்லுகிறீர்களே, அந்தக் கண்மாயில் தண்ணீர் வற்றின காலத்தில் உள்வாயில் போய்ப் பாருங்கள். சீமைக் கருவேல் காடாக நிற்கிறது. கரிமூட்டம் போடுகிறவர் வந்து வெட்டிக்கொண்டு போகிறார். இடம் வெளிச்சமாகிவிட்டது, இனி ஆடு மாடு மேயலாம் என்று நினைக்கிறோம். ஒரு மழை பெய்யட்டும். வெட்டின தூரிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகக் கிளை வெடிக்கிறது. அப்போது யாராவது, "கண்மாய்க்குப் போன ஜென்மத்துப் பாவம்" என்று சொல்லுகிறோமா? தூரைப் பிடுங்காமல் விட்டுவிட்டான் என்றுதானே சொல்லுகிறோம்!

புற்றுநோயிலும் தூர் இருக்கிறது என்பதுதான் நான் படித்ததன் சாரம்.

நம் உடம்பு கோடிக்கணக்கான சிறு ஜீவ அணுக்களால் ஆனது. பள்ளிக்கூடத்தில் இப்போது இதைச் செல் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். நானும் அப்படியே சொல்லுகிறேன். செல் தேய்ந்தால் புதிய செல் உண்டாகவேண்டும். இதற்காக உடம்பில் ஆங்காங்கே மூலச் செல்கள் இருக்கின்றன. எலும்பு மஜ்ஜையிலிருக்கிற மூலச் செல் தன்னைப் போலவும் பெருகிக்கொள்ளும். சிவப்பணு, வெள்ளையணு என்று பல தொழிலுக்கும் பிள்ளைகளைப் பெற்று அனுப்பும். இதுபோன்ற குணமுள்ள செல் புற்றுக்கட்டிக்குள்ளும் உண்டா என்று கானடா தேசத்து டொரண்டோ நகரத்தில் ஜான் டிக் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் பரீட்சை செய்தார்கள். ஒருவகை ரத்தப் புற்றுநோய் கண்டவர்களின் செல்களை எடுத்து, எதிர்ப்புச் சக்தி இல்லாத சுண்டெலிகளுக்குள் செலுத்தினார்கள். பெரும்பாலான செல்கள் ஒன்றும் செய்யாமல் போயின. மிகச் சொற்பமான ஒரு தினுசு மாத்திரம் எலிக்குள் அதே வியாதியை முழுவதுமாக மறுபடி உண்டாக்கிற்று. இது 1994-லும் 1997-லும் வெளியாயிற்று. பிறகு 2003-இல் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் மார்புப் புற்றில் இதையே செய்து பார்த்தார்கள். ஒரு தினுசுச் செல்லில் 100 போட்டாலே கட்டி வளர்ந்தது. வேறு தினுசில் பதினாயிரக்கணக்காகப் போட்டும் வளரவில்லை. இந்த 100-தான் தூர். மற்றவையெல்லாம் கிளை.

இந்தத் தூர்ச் செல்களுக்கு வைத்தியத்தைத் தாங்குகிற சாமர்த்தியம் அதிகம். நம்முடைய மருந்துகளில் பல, வேகமாகப் பெருகுகிற செல்லைப் பார்த்து அடிக்கிறவை. தூர்ச் செல்லோ மெதுவாகப் பெருகி, சில சமயம் தூங்கினாற்போல் கிடந்துவிடுகிறது. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகிற இறைப்பு யந்திரம் போன்ற ஏற்பாடும் அதற்கு உண்டு. கதிரால் உடைந்ததை வெகு சீக்கிரம் ஒட்டவைத்துக் கொள்ளவும் தெரியும். கட்டி கரைந்துவிட்டது என்று படத்தில் தெரிகிறபோது கரைந்தது கிளைகள். தூர் நிற்கலாம்.

நிற்கலாம் என்று சொன்னேனே தவிர, எல்லாப் புற்றிலும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. 2003-இல் மார்புப் புற்று ஆராய்ச்சியில் பங்கு எடுத்துக்கொண்ட ஷான் மாரிசன் என்பவரே 2008-இல் தோலில் வருகிற கருமச்சப் புற்றை எடுத்து, இன்னும் எதிர்ப்புக் குறைந்த எலியில் போட்டுப் பார்த்தார். அங்கே சுமார் நான்கு செல்லுக்கு ஒன்று கட்டியை வளர்க்கக் கூடியதாயிருந்தது! தூர், கிளை என்ற பேச்சே அந்தப் புற்றில் அவ்வளவாகச் செல்லாது என்று ஆகிவிட்டது. தம் பெயர் போட்டு வந்த கொள்கைக்கு எல்லை எது என்று அவரே தேடிப்போய்க் கண்டுபிடித்து அச்சிட்டிருக்கிறார். அதற்காக அவரை யாரும் ஜாதியை விட்டுத் தள்ளிவைக்கவில்லை.

சரி, தூர்ச் செல்லுக்கும் கிளைச் செல்லுக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

ரிஜிஸ்தர் ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். மூலப் பதிவு பெரிய புஸ்தகத்தில் இருக்கிறது. அந்தப் புஸ்தகத்தை யாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை. வேண்டிய பக்கத்துக்கு நகல் வாங்குகிறோம். நகலை வைத்துக்கொண்டு காரியம் நடக்கிறது. செல்லுக்குள் டி.என்.ஏ. என்பது மூலப் பதிவுப் புஸ்தகம். சுமார் 300 கோடி எழுத்து. அதிலிருந்து வேண்டிய பக்கத்துக்கு எடுக்கிற நகல்தான் ஆர்.என்.ஏ. அந்த நகலைப் படித்துப் புரதத்தை உண்டாக்குகிற பட்டறைக்கு ரைபோசோம் என்று பெயர். அந்தப் பட்டறையின் அமைப்பைக் கண்டு சொன்னதற்காக 2009-இல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பிறந்த ஊர் எது தெரியுமா? சிதம்பரம்! திரையை விலக்கி ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டி ரகசியம் என்று சொல்லுகிற அதே ஊரில் பிறந்தவர், உண்மையிலேயே ரகசியமாயிருந்த ஒன்றைத் திரை விலக்கி உலகத்துக்குக் காட்டியிருக்கிறார்.

கண்ணிலிருக்கிற செல்லுக்கும் நகக்கணுவிலிருக்கிற செல்லுக்கும் புஸ்தகம் ஒன்றுதான். எந்தப் பக்கத்துக்கு நகல் எடுக்கிறது, அந்த நகல் எத்தனை நாழிகை இருக்கிறது, எத்தனை தடவை படிக்கப்படுகிறது என்பதில்தான் ஒன்று கண்ணாகிறது, ஒன்று நகமாகிறது. புற்றின் தூரும் கிளையும் பெரும்பாலும் இப்படித்தான். மூல எழுத்தில் வந்த பிழைகள் இரண்டுக்கும் பொதுவாக இருக்க, நகலை நடத்துகிற விதத்தில் வேறுபடுகின்றன.

இப்போது நகலின்மேல் வைக்கிற புள்ளிக்கு வருகிறேன்.

தமிழில் 'பல' என்று எழுதினால் அநேகம் என்று அர்த்தம். 'ல' மேல் ஒரு புள்ளி வைத்துவிட்டால் வாயிலிருக்கிற பல் ஆகிவிடுகிறது. பழைய காலத்து ஓலைச் சுவடியில் புள்ளி வைத்தால் ஓலை கிழியுமென்று வைக்காமல் விட்டார்கள். படிக்கிறவன் இடம் பார்த்து ஊகித்துக் கொள்ளவேண்டும். ஊகம் தப்பிப் பாடமே மாறிப்போனதும் உண்டு. எழுத்துச் சீர்திருத்தத்துக்காக வாதாடிய நமக்கு ஒரு புள்ளி எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை.

ஆர்.என்.ஏ. நகலில் எழுத்து நான்குதான்: ஏ, யு, ஜி, சி. இவற்றின்மேல் உடம்பே புள்ளி வைக்கிறது. 170-க்கு மேற்பட்ட தினுசுப் புள்ளிகளை இதுவரை கண்டிருக்கிறார்கள். அவற்றில் புரதத்துக்கான நகல்களில் மிகுதியாகக் காண்பது, 'ஏ' என்ற எழுத்தின்மேல் ஒரு கரியும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மிகச் சிறிய துணுக்கை ஒட்டுவது. இதற்கு எம்-6-ஏ என்று பெயர். 1974-இல் இதைப் புரத நகலில் முதலில் கண்டதே ஒரு புற்றுநோய்ச் செல்லில்தான். எலியின் கல்லீரல் புற்றில். ஆனால் அது எதற்காக இருக்கிறது என்பது வெகுகாலம் பிடிபடவில்லை. 2011-இல் சிக்காகோவில் ஹே சுவான் என்ற சீனத்து விஞ்ஞானியும் அவர் கூட்டத்தாரும், இந்தப் புள்ளியை அழிக்கிறவன் ஒருவன் செல்லுக்குள் இருக்கிறான் என்று காட்டினார்கள். அவனுக்கு எஃப்.டி.ஓ. என்று பெயர். எழுதுகிறவனும் அழிக்கிறவனும் இருந்தால் அது தற்செயலான கறை அல்ல, கணக்கு என்று ஆகிவிடுகிறது அல்லவா? அன்றிலிருந்து இந்தத் துறை வேகம் பிடித்துவிட்டது.

புள்ளி வைக்கிறவனுக்கு மெட்டில்-3 என்று பெயர். மெட்டில்-14 என்ற கூட்டாளியோடு சேர்ந்து வேலை செய்கிறான். அழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். புள்ளியைப் பார்த்துக் காரியம் செய்கிற படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். என் பல் உவமையில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் புள்ளியினால் சொல்லின் அர்த்தம் பொதுவாக மாறுவதில்லை. நகலின் ஆயுசு மாறுகிறது. ஆபீசுக் காகிதத்தின்மேல் 'பத்திரம்' என்று ஒரு முத்திரையும், 'கிழித்துப் போடு' என்று ஒரு முத்திரையும் குத்துகிற மாதிரி. வேடிக்கை என்னவென்றால் முத்திரை ஒன்றேதான். ஒரு படிப்பாளி அதைப் பார்த்துக் கிழிக்கிறான். இன்னொரு படிப்பாளி அதையே பார்த்துப் பத்திரப்படுத்துகிறான். இதை மறக்காதீர்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

இந்தப் புள்ளிக்கும் புற்றின் தூருக்கும் என்ன சம்பந்தம் என்பதை நம் பக்கத்து ஆராய்ச்சியைக் கொண்டே சொல்லுகிறேன். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் குமாரவேல் சோமசுந்தரம் என்பவரின் சாலையில், நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர்களும் சேர்ந்து, மூளையில் வருகிற கொடிய புற்று ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அறுத்து, கதிர் வைத்து, மருந்து கொடுத்தும் பெரும்பாலும் திரும்பி வந்தே தீருகிற வியாதி அது. அதன் தூர்ச் செல்களில் புள்ளி வைக்கிற மெட்டில்-3 அதிகமாக இருப்பதையும், அந்தச் செல் முதிர்ந்து சாதாரணச் செல்லாகிறபோது அது குறைந்து போவதையும் கண்டார்கள். பிறகு மெட்டில்-3-ஐ அடக்கிப் பார்த்தார்கள். தூர்ச் செல்கள் உருண்டை உருண்டையாகச் சேர்ந்து வளருகிற சக்தி குறைந்தது. எலியின் மூளையில் வைத்தபோது கட்டி வளர்ச்சி தடைப்பட்டு, எலி அதிக நாள் பிழைத்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், கதிருக்கு மசியாத செல் மசிய ஆரம்பித்தது. உடைந்த டி.என்.ஏ.வை ஒட்டவைத்துக் கொள்ளுகிற சாமர்த்தியம் குறைந்து போயிற்று.

ஏன் என்று அதோடு விடாமல் துருவினார்கள். சாக்ஸ்-2 என்று ஒரு புரதம். ஒரு செல்லை மூலச் செல்லாகவே வைத்திருப்பதில் அதற்குப் பெரும் பங்கு. 2006-இல் ஜப்பானில் யமனாக்கா என்பவர் முதிர்ந்த செல்லைத் திரும்பவும் மூலச் செல்லாக்கினாரே, அதற்கு உபயோகித்த நான்கு சாமான்களில் இதுவும் ஒன்று. அந்த சாக்ஸ்-2-க்கான நகலின் வால் பக்கத்தில் மெட்டில்-3 புள்ளி வைக்கிறான். புள்ளியைப் பார்த்து ஒருவன் வந்து நகலைக் கிழியாமல் காப்பாற்றுகிறான். நகல் நெடுநாள் இருக்கிறது. தூர் தூராகவே இருக்கிறது. இதைச் சரிபார்க்க, மெட்டில்-3-ஐ அடக்கின செல்லுக்குள், அந்த வால் இல்லாத சாக்ஸ்-2 நகலை வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள். போன சக்தியில் பெரும்பாகம் திரும்பி வந்தது. காரணம் இதுதான் என்று இப்படித்தான் ருசுப்படுத்த வேண்டும். விபூதி கொடுத்தேன், குணமாயிற்று என்கிறவர், விபூதி கொடுக்காமல் ஒருவனை வைத்துப் பார்த்தாரா? அதில் எதை எடுத்துவிட்டால் குணம் நின்று போகிறது என்று பார்த்தாரா?

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் சௌகரியமாயிருக்கும். முடியவில்லை. பெங்களூர்க்காரர்கள் 2017-இல் இதை வெளியிட்டார்கள். அதே 2017-இல் அமெரிக்காவில் காலிபோர்னியா மாகாணத்து ஆராய்ச்சி ஒன்று, அதே மூளைப் புற்றின் தூர்ச் செல்லில் மெட்டில்-3-ஐக் குறைத்தால் புற்று அதிகமாக வளருகிறது என்றும், அழிக்கிறவனான எஃப்.டி.ஓ.வைத் தடுத்தால்தான் புற்று அடங்குகிறது என்றும் சொல்லிற்று. அதாவது நேர் எதிர்! டெக்சாஸ் மாகாணத்திலிருந்து, வேறு ஓர் அழிப்பாளன் இந்தச் செல்களுக்கு அவசியமாயிருக்கிறான் என்று அதே வருஷம் இன்னொன்று வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் சற்று முன் மறக்காதீர்கள் என்று சொன்னதை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். புள்ளி ஒன்று, படிக்கிறவர்கள் பலர். ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த செல்லில் எந்த நகலின்மேல் புள்ளி விழுகிறது, எந்தப் படிப்பாளி மிகுதி என்பது இன்னொரு நோயாளியின் செல்லில் மாறலாம். மூளைப் புற்று என்று நாம் ஒரு பெயர் வைத்தாலும் உள்ளே அது ஒரே சரக்கல்ல. ஆகவே, "புள்ளியைக் குறைத்தால் புற்று போய்விடும்" என்று ஒரே வாக்கியத்தில் யாராவது உங்களிடம் சொன்னால், அவர் பாதிதான் படித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புற்று, எந்தச் செல், எந்த நகல் என்று கேளுங்கள்.

இரண்டு பேர் நேர்விரோதமாகச் சொல்லுகிறபோது என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். இருவரும் எப்படிச் செய்தோம், எந்தச் செல்லில் செய்தோம் என்று பகிரங்கமாக அச்சிட்டிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் அதையே செய்து பார்க்கலாம். நம்முடைய மடங்களில் இரண்டு ஆசாரியர்கள் நெற்றிக்குறி விஷயத்தில் விரோதித்துக் கொண்டால் கோர்ட்டுக்குப் போகிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சண்டை தீர்வதில்லை. எந்த எலியில் போட்டுப் பார்த்துத் தீர்ப்பது, பாவம்!

ரத்தப் புற்று விஷயத்தில் இவ்வளவு குழப்பமில்லை. ஒருவகைத் தீவிர ரத்தப் புற்றில் மெட்டில்-3 வேண்டியிருக்கிறது என்று 2017-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலும் அமெரிக்காவில் நியூயார்க்கிலும் தனித்தனியே கண்டார்கள். கேம்பிரிட்ஜ்காரர்கள் அந்த எழுத்தன் கையைக் கட்டிப்போடுகிற மருந்து ஒன்றைத் தயார் செய்து, எலிகளுக்குக் கொடுத்து, நோய் தணிந்ததையும், அதன் தூர்ச் செல்கள் குறைந்ததையும் 2021-இல் வெளியிட்டார்கள். அதே வழியில் வந்த மாத்திரை ஒன்றை 2022-இல் மனிதர்களிடம் முதல்கட்டமாகப் பரீட்சிக்கத் தொடங்கினார்கள். பிரிட்டனில் இன்னொரு கூட்டத்தார் எழுதுகிறவனை விட்டுவிட்டுப் படிக்கிறவன் ஒருவனை நீக்கிப் பார்த்தார்கள். புற்றின் தூர் பாதிக்கப்பட்டது. நல்ல ரத்தத்தின் மூலச் செல் பிழைத்துக் கிடந்தது. இது 2019.

நல்ல செல் பிழைப்பதுதான் இதில் எல்லாம். எழுத்தன் புற்றுக்கு மாத்திரம் ஊழியம் செய்கிறவன் அல்லன். நம் உடம்புக்கும் அவன் வேண்டும். சுண்டெலியின் கருவில் மெட்டில்-3-ஐ அறவே நீக்கினால் கரு பிழைப்பதே இல்லை. கருவேலைக் கொல்லுகிறேன் என்று கண்மாய்த் தண்ணீரிலேயே விஷத்தைக் கலப்பவனை நாம் ஒப்புக்கொள்ளுவோமா? எவ்வளவு கொடுத்தால் தூர் சாகும், ஆள் பிழைப்பான் என்பதை அளந்தாக வேண்டும். அதற்குத்தான் முதல்கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று பரீட்சை வைத்திருக்கிறார்கள். இந்த வகை மருந்து இன்னும் அந்தப் பரீட்சையில்தான் இருக்கிறது, கடையில் இல்லை.

புள்ளியை வைத்து மனிதனுக்கு நன்மை செய்ய முடியும் என்பதற்கு வேறிடத்தில் அத்தாட்சி இருக்கிறது. ஹங்கேரியிலிருந்து அமெரிக்கா போன கட்டலின் கரிக்கோ என்ற அம்மையார் கசாப்புக்காரர் மகள். ஆர்.என்.ஏ.வை மருந்தாக்க வேண்டுமென்று வருஷக்கணக்காகப் போராடினார். பணம் கொடுப்பாரில்லை, உத்தியோகத்திலும் கீழே இறக்கப்பட்டார். வெளியிலிருந்து ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினால் உடம்பு பகைவன் என்று கொதித்து எழுகிறது. 'யு' என்ற எழுத்துக்குப் பதிலாகச் சற்றே உருமாறின எழுத்தைப் போட்டால் அந்தக் கொதிப்பு அடங்குகிறது என்று அவரும் ட்ரூ வைஸ்மன் என்பவரும் 2005-இல் கண்டார்கள். உலகத்தில் கோடிக்கணக்கான பேர் போட்டுக்கொண்ட ஒருவகைக் கொரோனா ஊசி அதிலிருந்துதான் வந்தது. நம் நாட்டில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டது வேறு வகை. 2023-இல் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்கிறவர்கள் இந்த ஊரில் இப்போது இல்லை என்று நம்புகிறேன். பக்கத்து ஊரில் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

தோழர்களே, ஒரு எச்சரிக்கை. இப்போது செல்போனில் "ஸ்டெம் செல் சிகிச்சை, எல்லா வியாதிக்கும் குணம்" என்று விளம்பரம் வருகிறது. அதுவும் இதுவும் ஒன்று என்று ஏமாந்து போகாதீர்கள். நான் இதுவரை பேசினது புற்றுக்குள்ளிருக்கிற கெட்ட தூரைப் பற்றி. ரத்தப் புற்றுக்கும் வேறு சில ரத்த வியாதிகளுக்கும் எலும்பு மஜ்ஜை மாற்றி வைக்கிறார்களே, அது நல்ல மூலச் செல்லைக் கொடுப்பது, உண்மையான வைத்தியம். இதைத் தவிர மற்ற வியாதிகளுக்கு மூலச் செல் ஊசி என்பது ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறதென்றும், அதை வைத்தியம் என்று விற்கக் கூடாதென்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் வருஷத்து விதிகள் சொல்லுகின்றன. தாயத்து விற்றவன் வேஷ்டி கட்டியிருந்தான். இவன் வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறான். பரீட்சையிலிருக்கிற மருந்தில் சேர்ந்தால் பணம் கேட்கமாட்டார்கள் என்பதையும், எழுத்து மூலமாக உங்கள் சம்மதத்தை வாங்குவார்கள் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் புரட்டு அங்கேயே பிடிபட்டுவிடும்.

இப்போது என்னிடம் மூன்று சீட்டு வந்திருக்கிறது.

முதல் சீட்டு: "இந்தப் புதிய மருந்து வருகிற வரைக்கும் நாங்கள் என்ன செய்வது? காத்திருப்பதா?"

காத்திருக்கக் கூடாது! சிறு கருவேலங்கன்றைப் பிடுங்க ஒரு கை போதும். மரமான பிறகுதான் தூர் ஆழத்தில் போய்விடுகிறது. மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், மாதவிடாய் நின்ற பிறகு உதிரப்போக்கு, இவற்றில் எது கண்டாலும் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். வெற்றிலையோடு புகையிலையை அடக்குகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள், வாய் தெரிகிறது. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டாரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், அவர் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். விதி என்று அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சாகப்போகிறவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அதையெல்லாம் தள்ளிவிட்டு 1954-இல் அடையாற்றில் 12 படுக்கையோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அடுத்த வருஷம் அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021-இல் இறக்கும் வரைக்கும் அதற்கே உழைத்தார். குணமாகிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் குணமானவர் வெளியே சொல்லுகிறதில்லை. இறந்தவர் பேச்சு மாத்திரம் ஊரெல்லாம் பரவுகிறது.

இரண்டாவது சீட்டு: "திரும்பி வந்துவிட்டால் அவ்வளவுதானா?"

இல்லை. வந்த இடத்தையும் தினுசையும் பொறுத்தது. சிலவற்றை மறுபடியும் குணப்படுத்த முடிகிறது. சிலவற்றை வருஷக்கணக்கில் அடக்கி வைக்க முடிகிறது. சிலவற்றில் வலியை மாத்திரம்தான் நீக்க முடிகிறது. வலியை நீக்குவதும் வைத்தியம்தான். அதைக் கேட்டு வாங்க நோயாளிக்குப் பாத்தியம் உண்டு. தேறின பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வா என்று டாக்டர் சொல்லுவது இதற்காகத்தான். உடம்பு நன்றாக இருக்கிறதே, பஸ் செலவு எதற்கு என்று நின்றுவிடாதீர்கள்.

மூன்றாவது சீட்டு ஒரு தாயார் எழுதினது. பெயர் போடவில்லை. "என் அக்காளுக்கு இந்த வியாதி. ஒரே தட்டில் சாப்பிட்டால் எனக்குத் தொற்றுமா?" என்று கேட்டிருக்கிறார்.

தொற்றாது அம்மா. தட்டிலும் தொற்றாது, தொட்டாலும் தொற்றாது, பக்கத்தில் படுத்தாலும் தொற்றாது. கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். சில குடும்பங்களில் மார்புப் புற்று வழிவழியாக வருவது உண்டாகையால், அக்காளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறபோது உங்களையும் ஒருதடவை பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தால் மதுரையில் எந்த இடத்துக்குப் போகவேண்டும், என்ன காகிதம் கொண்டுபோகவேண்டும் என்று எழுதித் தருகிறேன். தொண்டி பஸ்ஸுக்கும் தேவகோட்டை பஸ்ஸுக்கும் போகவேண்டியவர்கள் எழுந்திருக்கலாம். மற்றவர்கள் இருங்கள், இன்னும் இரண்டு சீட்டு வந்துகொண்டிருக்கிறது.